எனக்கு வந்த பாதித் தவறு

திருவனந்தபுரத்தில் எங்கள் சர்க்கார் கச்சேரித் தலைமைக் குமாஸ்தாவுக்கு, அடுத்தவர் எழுதியதைச் சிவப்புப் பென்சிலால் திருத்தாவிட்டால் சோறு செரிக்காது. மேலிடத்தைப் பார்வையிட வரச்சொன்ன கடிதத்தில் நான் மலையாள மாதத்தில் சரியாகப் போட்ட தேதியை இங்கிலீஷ் தேதியாக மாற்றி, ஒரு நாள் பிசகிவிட்டார். கடிதத்தை நம்பி வந்த பெரிய அதிகாரி, விடுமுறையில் பூட்டிக் கிடந்த கச்சேரியைப் பார்த்துத் திரும்பினார். பழி என் தலையில் விழுந்தது.

"மாத்தினது நீங்கள்தானே" என்று எல்லார் முன்னிலும் கேட்டேன். பத்து நாள் அவர் என்னோடு பேசவில்லை. தேவிகுளத்துக் குளிர் மலைக்கு மாற்றிவிடுவாரென்று, சாலைக் கடையில் கம்பளிகூடப் பார்த்து வைத்தேன். கடைசியில், 'எல்லாம் என் தவறு' என்று எழுதி நீட்டினேன்.

'என்' என்பதை அடித்து, 'நம்' என்று திருத்தினார்.

"சுத்தமா எழுதிக் கொண்டாரும், ஓய். அப்புறம் காப்பிக்குப் போவோம்."

அவர் தன் பிழையை ஒப்புக்கொண்டு அதுவரை யாரும் கண்டதில்லை. காப்பியும் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தத் தவறில் எனக்கு எப்படி ஐயா பாதி வந்தது?