தம்புள்ளை சந்தையில் எழுதிய கிளியரன்ஸ்

நசுங்கிய லீக்ஸ் தாளின் வாசம், அதோடு கலந்த டீசல் புகை... இந்த இரண்டும் மூக்கில் ஏறினால் இன்றைக்கும் என் கை பேனாவைத் தேடும்.

பைலட் படிப்பை நான் படித்தது அங்கேதான், நண்பர்களே. தம்புள்ளை மொத்தச் சந்தையில், நிஸ்தார் நானாவின் வெங்காயக் கடைக்குள், மூட்டை மேல் உட்கார்ந்து. சிரிப்பவர்கள் சிரிக்கலாம்.

மாத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்துக் காம்பராவில் பிறந்தவன் நான். இளமை முழுவதும் வளைகுடாவில் விமானங்களுக்குப் பெட்டி ஏற்றினேன். காதுக்கு மூடி கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டால் சூப்பர்வைசர் கூப்பிடுவது கேட்காது. கேட்காவிட்டால் திட்டு. ஆகவே அது கழுத்தில்தான் தொங்கியது.

பெட்டி ஏற்றும்போதே முடிவு எடுத்துவிட்டேன், ஒருநாள் ஓட்டுவேன் என்று. யாரும் சொல்லித் தரவில்லை. புத்தகங்களைப் போட்டோகொப்பி அடித்து நானே படித்தேன். ஊர் திரும்பி, நரைத்த தலையோடு கொழும்புப் பக்கம் ரத்மலானை விமானத்தளத்தில் ஒரு பறப்புப் பள்ளியில் சேர்ந்து, சின்ன விமானம் ஓட்டும் லைசன்ஸ் எடுத்தேன். அதற்கு ரேடியோப் பேச்சு கொஞ்சம்தான், எப்போதும் அதே நாலு வசனம்.

அடுத்தது இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங். மேகத்துக்குள், வெளியே எதுவும் தெரியாமல், முன்னால் இருக்கும் மீட்டர் முட்களை மட்டும் பார்த்து ஓட்டுவதற்கான தகுதி. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

அதில் என்னைப் படுத்தியது கிளியரன்ஸ். கிளம்புமுன் கன்ட்ரோலர் ரேடியோவில் ஒரே மூச்சில் சொல்வார்: எதுவரை போகலாம், எந்த வழி, எவ்வளவு உயரம், எந்த அலைவரிசை, ரேடாருக்கு என்ன இலக்கம். கேட்கக் கேட்க எழுதி, அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சரியென்றால் "ரீட்பேக் கரெக்ட்" என்பார். அதற்குப் பிறகுதான் பயணம்.

அதைப் பழகத்தான் நானாவிடம் போனேன். சந்தையில் அவரை விட வேகமாகப் பேசுகிறவர் கிடையாது. நான் எழுதிக் கொடுத்த துண்டுகளை மடியிலிருந்து எடுத்துக்கொண்டு, வியாபாரத்துக்கு நடுவே எனக்கு முன்னால் வந்து நிற்பார்.

"எழுது பைலட்! கிளியர்ட் டு ரத்மலானை..."

அவ்வளவுதான், ஒவ்வொரு விஷயத்துக்கும் தலையை ஒரு வெட்டு வெட்டிக் கொட்டிவிடுவார். சுற்றிலும் லொறி ஹோர்ன். மூட்டை தூக்கும் நாட்டாமிமார் வழி கேட்டுக் கத்துவார்கள். நான் எனக்கென்று கண்டுபிடித்த குறிகளில் கிறுக்குவேன். 'ஏறு' என்றால் மேல் அம்பு. 'எதிர்பார்' என்றால் ஒரு 'எ'.

"கொஞ்சம் மெதுவா சொல்லுங்க நானா..."

"என்னத்துக்கு? ஒனக்கு வேண்டி கொழும்புல ஈக்கிறவன் மெதுவா செல்லுவானா? வெங்காயம் விக்கிற எனக்கே ஈடு குடுக்க ஒனக்கு ஏலாது, நீ எங்க மேகத்துக்குள்ள போற?"

விட்டேனா? ஒரு பருவ வெங்காயம் முடிவதற்குள் ஒரு எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொன்னேன். நானா மூட்டையில் ஓங்கி அடித்து "ரீட்பேக் கரெக்ட்!" என்று கத்தினார். தூசு பறந்தது.

"என்ன நானா, ஏலம் போடுறீங்களா?" என்றார் வெங்காயம் வாங்க வந்தவர்.

"ஓம். பிளேன் ஒண்டு ஈக்கு. வேணுமா?"

அந்தச் சிரிப்போடுதான் கொழும்புக்கு பஸ் ஏறினேன்.

அங்கே ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால்... குரல் வருகிறது, சொல் வரவில்லை. தாளில் பாதி வெள்ளை. ரேடியோ மோசம் என்றேன். ஹெட்செட்டை மாற்றிக் கொடுத்தார்கள். அதே வெள்ளை. அடுத்த முறையும் அப்படியே.

என் மகள் வயதுகூட இல்லாத பயிற்சியாளர், மற்ற மாணவர்கள் முன்னிலையில் சிங்களத்தில் சொன்னார், காதை டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள் அங்கிள் என்று. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

சந்தை இரைச்சலில் பிசகாமல் எழுதியவன் நான். எனக்குக் காது டெஸ்ட்டா? பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். திரும்பிப் போகவில்லை. ஆகவே நான் ஃபெயில் என்று எந்தத் தாளிலும் யாராலும் எழுத முடியாது. இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறேன்.

சில வருடங்கள் கழித்து கொரோனா வந்தது. சந்தையை மறுபடி திறந்தபோது போனேன். நானா மாஸ்க் போட்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"என்ன நானா?"

மாஸ்க் துணி அசைந்தது.

"என்ன சொல்றீங்க? வெளங்கலயே..."

மாஸ்க்கை இறக்கினார். "டீ குடிக்கிறியான்னு கேட்டேன் மனுசா. மூணு தரம்."

சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். பிறகு மாஸ்க்கைத் திரும்ப ஏற்றிக்கொண்டார். துணி வேகமாக அசைந்தது. ஒவ்வொரு விஷயத்துக்கும் தலையை வெட்டுவாரே, அந்த வெட்டு. அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன், கிளியரன்ஸ் சொல்கிறார் என்று. ஒரு சொல் விளங்கவில்லை.

அத்தனை நாளும் நான் அவருடைய வாயைப் பார்த்து எழுதியிருக்கிறேன்... விமானத்தில் எனக்கு முன்னால் வாய் இருக்கவில்லை.

நானா மாஸ்க்கை இறக்கி, டீக்குக் கை காட்டினார். டீ வந்தது. குடித்தோம்.

மகள் காதுக்கு மெஷின் வாங்கித் தருகிறேன் என்கிறாள். எதைக் கேட்பதற்கு? வேண்டாம் என்றேன்.

நேற்று தம்புள்ளைக்குப் போயிருந்தேன். மாஸ்க் எல்லாம் போய்விட்டது. வாங்க வருகிறவர்களிடம் நானா இப்போதும் அதே வேகம்தான், அவர் உதட்டைப் பார்த்தாலே தெரிகிறது. என்னிடம் மட்டும் கதிரையைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, முகத்துக்கு நேரே, வாயை அகலத் திறந்து, "சாப்... பிட்... டியா..." என்றார்.

"வேகமா சொல்லுங்க நானா. கொழும்புக்காரன் மாதிரி."

அவர் என் தோளைத் தட்டி, விரலால் மேலே காட்டினார். சின்ன விமானம் ஒன்று, சிகிரியா பக்கம் இறங்கப் போய்க்கொண்டிருந்தது.

மூட்டையோடு நின்ற நாட்டாமிமார் எல்லோரும் சத்தம் கேட்டு ஏற்கனவே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.