மலைக்கு வந்த மண்வெட்டி

மேடு என்றால் வரப்பு, பள்ளம் என்றால் வாய்க்கால் என்று மட்டுமே பழகிய தஞ்சாவூர்ப் பக்கத்து மக்களை, ஏழாயிரம் அடிக்கு மேலே கூடாரத்தில் தங்கவைத்துத் திரும்பக் கூட்டிவருவது என் பிழைப்பு. நாலு பேரை அழைத்துக்கொண்டு வெளியூர் போய்வந்த யாருக்கும் என் வயிற்றெரிச்சல் புரியும். கொடைக்கானலுக்கும் மேலே, ஜீப் மட்டும் ஏறுகிற அந்த முகாமை விட்டால் எனக்கு வேறு இடமில்லை. அதன் பொறுப்பாளர் ஜோசப் சார் போன தடவையே எச்சரித்துவிட்டார். இன்னொரு புகார் வந்தால் என் ஆட்களுக்கு அங்கே இடம் கிடையாது. அதனால் இந்தத் தடவை வேனில் ஏறும்போதே பதினான்கு பேரையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

வேகாத சோறு

முகாமில் சாப்பாடு உண்டு என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். வலங்கைமான் ராஜலட்சுமி அம்மா அரை மூட்டை பொன்னி அரிசியோடு வந்து இறங்கினார். கணவர் கோவிந்தராஜனுக்குப் போன மாதம்தான் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் நடந்திருந்தது. துபாயில் இருக்கும் மகன் அதற்குப் பரிசாக இருவரையும் என் தலையில் கட்டியிருந்தார்.

அம்மா திறந்த பானையில் உலை வைத்தார். அந்த உயரத்தில் குக்கர் இல்லாமல் அரிசி லேசில் வேகாது. ஒரு மணி நேரம் ஆகியும் சோறு விறைத்துக்கொண்டு நின்றது. அரிசியில் ஏதும் கோளாறோ என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் கேட்டுத் தொலைத்தேன்.

"எங்க வயல் அரிசியக் கொறை சொல்லாதீங்க தம்பி. இந்த மலைத் தண்ணிக்குத்தான் வேகவைக்கத் தெரியல."

டவர்

முத்துப்பேட்டையில் செல்போன் கடை வைத்திருக்கும் நூர்தீன் பாய், போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி முகாமையே சுற்றிவந்தார். பாறை மேல் ஏறினார். ஜீப் மேலும் ஏறினார். இங்கே சிக்னல் கிடைக்காது என்று புறப்படும் முன்பே சொன்னதை நினைவுபடுத்தினேன். ஏமாற்றுக்காரனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"இவ்வளவு ஒசரத்துக்கு வந்தும் டவர் எடுக்கலன்னா, டவர எங்கதாங்க வெச்சிருக்காங்க?"

வடக்கே தலை

மறுநாள் விடிந்ததும் பார்த்தால் கோவிந்தராஜனைக் காணோம். மேட்டுப் பக்கம் தலை வைத்துப் படுங்கள் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். மேட்டுப் பக்கம் வடக்காகப் போய்விட்டது. வடக்கே தலை வைக்கலாமா என்று குறுக்காகப் படுத்திருக்கிறார், காற்றுக்காகக் கூடாரத்தின் வாசலையும் திறந்துவைத்து. உள்ளே புகுந்து படுத்திருந்த கம்பளிப் பையோடு சரிவில் உருண்டுபோய், கீழே விறகுக் குவியலில் முட்டிக்கொண்டு, அங்கேயே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். சொன்னதைக் கேட்டிருக்கக் கூடாதா என்று அம்மாவிடம் புலம்பினேன்.

"அறுபது வருசமா சமதரையில படுத்த மனுசன். உருளுவோம்னு அவரு கனவு கண்டாரா?"

மடை

அதே காலையில் கழிப்பறை முன்னால் ஏழெட்டுப் பேர் நெளிந்துகொண்டு நிற்க, குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஜோசப் சார் கத்திக்கொண்டே, குழாய்க்குத் தண்ணீர் வருகிற ஓடைக்கு ஓடினார், நானும் பின்னால் ஓடினேன். அங்கே கோவிந்தராஜன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முகாமின் மண்வெட்டியால் ஓடைக்குக் குறுக்கே கரை போட்டு, தண்ணீரைக் காய்ந்துகிடந்த பீன்ஸ் பாத்திக்குத் திருப்பிக்கொண்டிருந்தார்.

ஜோசப் சார் அவரை விட்டுவிட்டார். என் பக்கம் திரும்பி, நாளைக் காலையோடு நமக்குள் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றார். என் பிழைப்பில் மண் விழுந்தது. வயது வித்தியாசம் பார்க்காமல் கோவிந்தராஜனிடம் கத்திவிட்டேன். அவர் போட்ட கரையை அவரே வெட்டிவிட்டு, மண்வெட்டியைக் கழுவி வைத்தார்.

"ஜூன் மாசம் பொறந்தா, தண்ணி தொறப்பாங்களா மாட்டாங்களான்னு தினம் பேப்பரப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிறவங்க நாங்க. இங்க கேக்க நாதியில்லாம ஓடுது. பாத்துட்டு சும்மா வர மனசு கேக்கலங்க."

மழை

கத்தியதற்கு நாள் முழுக்க வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்க நினைத்த நேரத்தில், மாலை நாலு மணிக்கு வானம் பொத்துக்கொண்டது. மேட்டிலிருந்து செந்தண்ணீர் நேராகக் கூடாரங்களைப் பார்த்து இறங்கியது. தார்ப்பாய், தார்ப்பாய் என்று நான் அலறிக்கொண்டிருந்தேன். கோவிந்தராஜன் யாரையும் கேட்கவில்லை. மண்வெட்டியை எடுத்து, கூடாரங்களுக்கு மேலே சாய்வாக ஒரு வடிகால் வெட்டினார். வெட்டிய மண்ணை நூர்தீன் பாய் வெறுங்கையால் அள்ளிக் கரையாக அணைத்தார். வந்த தண்ணீர் அப்படியே திரும்பிப் பள்ளத்தில் விழுந்தது. ஒரு கூடாரத்துக்குள்ளும் ஈரமில்லை.

குடை பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்த ஜோசப் சார், "அடுத்த மாசமும் வாங்க" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"உங்கள இல்லங்க, அவரச் சொன்னேன். அவரு வந்தா மட்டும் உங்க ஆளுங்களுக்கும் எடம் உண்டு."

ஆகவே, மலைக்கு ஆள் கூட்டிப்போகிற நான், இப்போது மாதாமாதம் முதல் வேலையாக வலங்கைமானுக்குப் போய், நடவு முடிந்துவிட்டதா என்று கோவிந்தராஜனின் வரப்பில் நின்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.