ஆமையின் வீடு

பட்டினச்சேரியில் ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். ஒரே டேப்லெட், இருபத்திரண்டு பிள்ளைகள். விலங்கை விரலால் இழுத்து அதன் வீட்டில் விடும் விளையாட்டு. சரியாக விட்டால் கைதட்டல் கேட்கும், தவறினால் ‘டொய்ங்’ என்று ஒரு சத்தம். அன்று மதியம் அந்தச் சத்தத்திலேயே எனக்குத் தலை விண்ணென்று வலித்தது.

தர்ஷினி ஆமையைக் கடலில் விடாமல் மணலில் விட்டாள். டொய்ங். மறுபடியும் மணலில். மூன்றாம் முறையும் மணலில்தான்.

இருந்த அலுப்பில், “கடக்கரையிலயே பொறந்து வளந்த புள்ளைக்கு இதுகூடத் தெரியாதா?” என்று டேப்லெட்டைப் பிடுங்கி அடுத்த பிள்ளையிடம் கொடுத்துவிட்டேன். வகுப்பே சிரித்தது.

பள்ளி விட்டதும் அவளை அழைத்துப்போக வந்த அம்மாவிடம் இதையே குறையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“அவ பாத்ததெல்லாம் செத்து கரையில ஒதுங்குனதுதாங்க டீச்சர். போன வாரங்கூட ரெண்டு கெடந்துச்சு. தண்ணியில போற ஆமைய அவ எங்கங்க பாத்தா?”

பீரோவில் வைத்துப் பூட்டியிருந்த டேப்லெட்டை எடுத்துவந்து தர்ஷினியிடம் நீட்டினேன்.

“கடல்ல விட்டுப் பாரும்மா.”

விட்டாள். கைதட்டல் கேட்டது. ஆமை கால்களை வீசி நீந்திப் போனது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் கேட்டாள்:

“இது உசுரோட இருக்கா டீச்சர்?”

அலுப்பு இன்றைக்கும் குறையவில்லை. அதே இருபத்திரண்டு பிள்ளைகள், அதே சத்தம். ஆனால் டொய்ங் கேட்டால் இப்போது என் கை டேப்லெட்டுக்குப் போவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, “இத நீ எங்கம்மா பாத்தே?” என்று கேட்கிறேன்.