பதினாறாவது ஒயர்

கேட்டில் செல்போனைக் கொடுத்துவிட்டுத்தான் நாங்கள் உள்ளே போவோம். பட்டாசு ஆலையில் அது கட்டாயம். அன்று மாலை போனை வாங்க வரிசையில் நின்றபோது, பெட்டிக்குள் போன்கள் மாறி மாறி அதிர்ந்துகொண்டிருந்தன. முதலில் வாங்கிப் பார்த்த முத்துமாரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மதியம் மயங்கி விழுந்த கோமதி அக்காவை விருதுநகர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, வேலை முடிந்ததும் போய்ப் பார்க்கலாம் என்று நாங்கள் சீசன் லோடைக் கட்டிக்கொண்டிருந்தோம். அக்கா அதுவரை காத்திருக்கவில்லை.

காரியாபட்டியிலிருந்து பஸ் மாறி வந்து எங்கள் ஆலையில் சென்சார்களைக் கவனித்த எஞ்சினியர் அவர். மருந்து கலக்கும் அறை, அதை வெடிக்குள் செலுத்தும் அறை, காயவைக்கும் மேடை என்று எல்லா இடத்திலிருந்தும் ஒயர்களை இழுத்து, தன் தகர ஷெட்டிலிருந்த ஒரே ரெக்கார்டரில் சேர்த்தார். பதினாறு சேனல். ஓரிடத்தின் சூடு, இன்னோரிடத்தின் ஈரப்பதம் என்று ஒவ்வொன்றும் ஒரு நிறக் கோடாகத் திரையில் ஓடும். கரண்ட் போனாலும் பதிவு போகாது. சூடு எல்லை தாண்டினால் மணி அடிக்கும்.

முதலாளிக்கு அது வேண்டாத வேலையாகப் பட்டது. "வெயில் அடிக்கிறது நமக்குத் தெரியாதாம்மா? இம்புட்டு ஒயரு எதுக்கு?" என்றார்.

"தெரியும் முதலாளி. சீசன் வந்தா மறந்துருவோம். இது மறக்காது" என்றார் அக்கா.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அந்த நனைந்த சாக்கு விவகாரம் மறந்திருக்காது. கத்திரி வெயிலில் ஒருநாள் எல்லாச் சூட்டுக் கோடுகளும் ஏறிக்கொண்டிருக்க, மூன்றாம் அறையின் கோடு மட்டும் சரசரவென்று இறங்கியது. அதே அறையின் ஈரப்பதக் கோடு எகிறியது. அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு அங்கே போனார். சென்சார் மேல் ஈரச் சாக்கு ஒன்று சொட்டிக்கொண்டு தொங்கியது.

"என்னத்தா, இங்கன மட்டும் மழையா?"

அந்த அறையில் வேலை பார்த்த முத்துமாரி அசராமல் சிரித்தாள். "மிஷினு வேகுதேன்னு பாவம் பாத்தோம்மா."

"அதுக்கு வேர்த்தா சாக்கு நனைச்சுப் போட நீங்க இருக்கீக. ஒங்களுக்கு யாரு இருக்கா?"

முத்துமாரியின் சிரிப்பு நின்றுவிட்டது. "மணி அடிச்சா வேலைய நிப்பாட்டிருவீக. பீஸ் கூலியும் நின்னுரும். உலை வைக்க வேண்டாமா?" என்று அழுதாள்.

அக்கா யாரையும் திட்டவில்லை. நேரே முதலாளியிடம் போய் வாதாடினார். மணி அடித்தால் அந்தப் பெண்களைக் கூலி குறையாமல் பேக்கிங்குக்கு மாற்ற வேண்டும் என்று ஒப்புதல் வாங்கிக்கொண்டுதான் வந்தார். பேக்கிங் ஷெட் என் பொறுப்பு. இடம் ஏது என்று முணுமுணுத்தேன். "இடமில்லேன்னா மடியில உக்கார வச்சுக்கோ தம்பி" என்று சிரித்தார். அதன் பிறகு ஈரச் சாக்கு தொங்கவே இல்லை.

பதினாறாவது சேனல் மட்டும் காலியாகவே கிடந்தது. அவருடைய ஷெட்டில் சட்டை பிழிகிற அளவுக்கு வியர்க்கும். "இங்கயே ஒண்ண மாட்டுங்களேன்" என்று ஒருமுறை சொன்னேன். "நான் என்ன மருந்தா, வெடிக்க?" என்றார். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

அவர் மயங்கி விழுந்த அந்த மதியமும் மணி அடித்தது. பெண்கள் நிழலுக்கு வந்துவிட்டார்கள். அவர் மட்டும் தகரத்துக்கு அடியில் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். வெக்கை தாக்கிவிட்டது என்றார்கள்.

காரியம் முடிந்து வந்ததும் காலிச் சேனலில் ஒயரை மாட்டி, அவருடைய நாற்காலிக்கு மேலே சென்சாரைத் தொங்கவிட்டோம். மறுநாள் முற்பகலிலேயே மணி அடித்தது. ஓடிப்போய்ப் பார்த்தோம். மருந்து அறைகளின் கோடுகள் எல்லாம் இன்னும் கீழேதான் இருந்தன. பதினாறாவது மட்டும் எல்லையைத் தாண்டியிருந்தது.

முத்துமாரி காலி நாற்காலியைப் பார்த்து, "மணி அடிச்சிருச்சுல்ல, எந்திரிச்சு வாங்கம்மா" என்றாள்.

அக்காவின் நினைவாக என்னிடம் ஒரு போட்டோகூட இல்லை. இருப்பது அந்த ஒரு கேள்விதான்: "ஒங்களுக்கு யாரு இருக்கா?" எங்களில் ஒருவராவது அதை அவரிடம் திருப்பிக் கேட்டிருக்கலாம்.