மூக்குக்குப் போன கைக்குட்டை

பள்ளியில் எனக்குக் கருவாடு என்று பெயர். நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் கடலோரத்தில் எங்கள் வீடு. அம்மா மீன் விற்றாள். "கருவாடு வந்துட்டா" என்று ஒருத்தி சொன்னால் போதும், நான் பெஞ்சில் உட்காருவதற்குள் வரிசையாக மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். ஐந்து வருடம் இப்படி. டீச்சர் ஒருவரும் சேர்ந்து சிரித்திருக்கிறார். அவரை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

வேலைக்கு வந்த பிறகும் எலுமிச்சைத் தோலால் கையைத் தேய்க்காமல் வெளியே கிளம்ப மாட்டேன். மீனைத் தொட்டுப் பல மாதம் ஆகியிருக்கும். இருந்தாலும் தேய்ப்பேன்.

தஞ்சாவூருக்கு நான் போகும் ரயிலில் அவர் நீடாமங்கலத்தில் ஏறுவார். பள்ளிக்கூட வாத்தியார், ஒரு காலத்தில் நிலபுலன் இருந்த சைவக் குடும்பம். தீபாவளிக்குப் பிறகு பேச ஆரம்பித்தோம். தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, "எங்க வீட்ல பேசட்டுங்களா?" என்று கேட்டார். திங்கட்கிழமை சொல்கிறேன் என்றேன். சும்மா ஒரு பிகு. சம்மதம் அப்போதே நாக்கு நுனியில் இருந்தது.

திங்கட்கிழமை ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் அவருக்கு இடம் பிடித்து வைத்திருந்தேன். வந்து உட்கார்ந்தார். ரயில் ஊரைத் தாண்டியது. வெளியே அறுவடை நடந்துகொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தேன். அவர் சட்டென்று கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

நான் எழுந்துவிட்டேன்.

"என்னங்க, என்னாச்சு?" என்றார், கைக்குட்டையை எடுக்காமலே.

"வீட்ல பேச வேணாங்க."

தஞ்சாவூர் வரை கதவருகே நின்றேன். மறுநாளிலிருந்து பஸ். அவர் பல முறை போன் செய்தார். எடுத்தால் காரணம் கேட்பார். மூக்கைப் பொத்தினீர்களே என்று முப்பது வயதில் எப்படிச் சொல்வது? எடுக்கவில்லை. ஒரு வாரத்தில் போனும் நின்றுபோனது.

அடுத்த தை மாதம். ஒருநாள் பஸ் வராததால் ரயில் ஏறினேன். நீடாமங்கலத்தில் அவரும் ஏறினார், புது மனைவியோடு. என்னைப் பார்க்கவில்லை. வயல்வெளி வந்ததும் அறுவடை இயந்திரம் கிளப்பிய தூசி பெட்டிக்குள் பறந்து வந்தது. அவர் அடுக்கடுக்காகத் தும்மினார். கைக்குட்டை மூக்குக்குப் போனது.

"அறுப்பு வந்தா இவங்களுக்கு இதே பாடுதாங்க" என்று எதிரே இருந்தவரிடம் சிரித்துக்கொண்டே சொன்ன அந்தப் பெண், கையை நீட்டி ஜன்னலை இறக்கினாள்.

அவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது. எனக்கு அழுகை வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபமும் வந்தது. பழக்க தோஷம், என் கையை எடுத்து முகர்ந்து பார்த்தேன். எலுமிச்சை வாசனைதான் வந்தது.