லேப்டாப்புக்கு வைத்த சந்தனம்

எடிட்டிங் என்றால் வேண்டாததை வெட்டி எறிவது என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். பந்தியில் வாய் நிறைய ஜாங்கிரியோடு மாட்டிக்கொண்ட மாமாவைக் கல்யாண வீடியோவிலிருந்து தூக்குவார்களே, அதுபோல. ஆகவே என் மகள் நிவேதா, தன் சைக்கிள் வீடியோக்களை எடிட் செய்ய வேண்டும் என்றபோது மகிழ்ந்தேன். ஆபத்தான இடங்களை வெட்டிவிடுவாள்... மிச்சத்தை நிம்மதியாகப் பார்க்கலாம்!

அவள் ஆபத்தில்லாத இடங்களை எல்லாம் வெட்டினாள். ஆபத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அதையும் ஸ்லோமோஷனில் ஓடவிட்டாள்.

அது ஸ்ரீரங்கத்தில் நாம் காய்கறி வாங்கப் போகும் சைக்கிள் இல்லை. மலைச்சரிவில் பாறைக்குப் பாறை தாவி இறங்குகிற சாதி. உப்பிலியபுரம் தாண்டி, பச்சைமலையில் பயிற்சி. ஹெல்மெட்டில் கேமரா. வடக்கே, இமயமலையில் ஒரு பயிற்சி முகாம் — ஞாயிறு மாலைக்குள் வீடியோ அனுப்பினால் அதைப் பார்த்து ஆள் எடுப்பார்கள். காலேஜில் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு அதே கனவு. எனக்கோ முக்கொம்பு பாலத்தில் நின்று தண்ணீரை எட்டிப் பார்ப்பதற்கே கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொள்ள வேண்டும்.

சாஃப்ட்வேர் பிரச்சினையில்லை. இலவசமாகக் கிடைப்பதிலேயே நல்லதாக ஒன்றைப் பிடித்துவிட்டாள். ஆனால் வீட்டிலிருந்த பழைய லேப்டாப்பில் அதைத் திறந்து வீடியோவை ஓட்டியதும் திரை உறைந்துவிட்டது. சைக்கிள் அந்தரத்தில். கீழே பாறை. போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்... இன்னும் அந்தரத்திலேயே! அன்றைக்கே புது லேப்டாப்புக்குச் சம்மதித்தேன். எப்படியாவது அந்தச் சைக்கிள் தரைக்கு வந்தாக வேண்டுமே?

தில்லைநகர் கடையில் ஒரு பெண், என்ன வேலைக்கு லேப்டாப் என்று விசாரித்தார். "என் பொண்ணு பாறையிலேர்ந்து குதிக்கிறா. அதைத் தெளிவாப் பாக்கணுமாம்" என்றேன். எனக்குப் பிடித்தது மெல்லிசாக, வெள்ளி நிறத்தில், சத்தமே போடாத ஒன்று. நிவேதா கேட்டதோ தனி கிராஃபிக்ஸ் கார்டும் தாராளமான ரேமும். கடைசியில் கறுப்பாக, கனமாக, அடிப்பக்கமெல்லாம் சல்லடை போட்டது போல ஓட்டைகளோடு ஒன்று வந்து உட்கார்ந்தது.

"நல்லா சூடாகும் சார்..." என்று அந்தப் பெண் ஆரம்பித்தார். அந்தச் சொல்லுக்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை.

வீட்டுக்கு எது புதிதாக வந்தாலும் சந்தனம், குங்குமம் வைக்காமல் நாங்கள் தொடுவதில்லை. ஸ்கிரீனில் வைக்காதீர்கள், கீபோர்டில் வைக்காதீர்கள் என்று நிவேதா கண்டிஷன் போட்டுவிட்டு, குளிக்கப் போனாள். வேறு இடமா இல்லை? அடிப்பக்கத்தில் தாராளமாக அப்பினேன். சூடாகும் என்றார்களே... சந்தனம் குளிர்ச்சிதானே?

ஞாயிறு மதியம். எடிட்டிங் முடிந்து, மொத்த வீடியோவையும் ஒரே ஃபைலாக மாற்றும் வேலை. முக்கால்வாசி போனதும், விமானம் கிளம்புகிற மாதிரி ஒரு இரைச்சல். பிறகு திரை கறுப்பு. மறுபடி போட்டாள். மறுபடி கறுப்பு. வெடிக்கப்போகிறது என்று முடிவுசெய்து பிளக்கைப் பிடுங்கினேன். ஈரத்துண்டைப் பிழிந்துகொண்டு ஓடிவந்தேன்.

"ஏங்க, அது லேப்டாப்பா, ஜுரம் வந்த குழந்தையா?" என்றாள் மனைவி.

நிவேதா அதைத் திருப்பிப் பார்த்தாள். ஓட்டைகளில் சந்தனம் காய்ந்து, சிமென்ட் பூசியது போல இறுகியிருந்தது.

"மூக்கை அடைச்சு வெச்சிருக்கீங்கப்பா." நகத்தால் அதைச் சுரண்டிப் பார்த்தாள். அப்புறம் மெதுவாக, "நான் போகக் கூடாதுன்னு வெச்சீங்களா?"

உண்மையைச் சொல்கிறேன்: போகாமல் இருந்தால் தேவலை என்று நான் நினைக்காத நாளே இல்லையே!

"தெரிஞ்சு வெச்சிருந்தா, இன்னும் நல்லாக் குழைச்சு, ஒரு ஓட்டை விடாம அடைச்சிருப்பேன்மா" என்றேன். சிரித்துவிட்டாள். நல்லவேளை.

பழைய டூத்பிரஷ்ஷால் நானே சுரண்டினேன். லேப்டாப்பின் கீழே இரண்டு டபராக்களைக் கவிழ்த்து, காற்றுப் போக இடம் விட்டு, மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டோம். இந்த முறை ஃபைல் முழுசாக வந்துவிட்டது. அனுப்புவதற்கு முன் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். நானும் பார்த்தேன், விரல் இடுக்கு வழியாக. பாறை விளிம்பில், குதிப்பதற்கு முன், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அவள் முணுமுணுக்கும் குரல்: "பயமா இருக்கு."

"ஐயோ, இது கேக்குதா? வெட்டிடறேன்" என்றாள்.

"வெட்டாத" என்றேன். ஏன் என்று எனக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இந்த வீட்டில் நான் ஒருவன்தான் பயந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்... அதனால் இருக்கலாம்.

வெட்டவில்லை. இருட்டுவதற்குள் வீடியோ போய்ச் சேர்ந்தது. நிவேதாவைத் தேர்வு செய்துவிட்டார்கள். அடுத்த வாரம் கிளம்புகிறாள். அவள் ஹெல்மெட்டுக்குச் சந்தனம் வைத்துவிட்டேன் — ஓட்டைகளை விட்டுவிட்டு.