சொர்ணத்தின் இரண்டு கைகள்

சொர்ணம் பாரிவாக்கத்தில் பிறந்தபோதே உடம்பில் நிறம் என்று எதுவும் இல்லை. தோல் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி, முடி சணல் மாதிரி. அம்மாவோடு சின்ன வயதிலேயே நாற்று நட வயலில் இறங்கியவள். வெயில் மற்றவர்களைக் கறுக்க வைத்தது, அவளைப் பொசுக்கியது. ஊர் அவளை வெள்ளைக்காரி என்றது. பதிலுக்கு அவள் ஊரில் ஒருவரையும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

எண்பத்து நான்கில் அண்ணன் லோகநாதனுக்கு அம்பத்தூர் எஸ்டேட் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்து, குடும்பம் பக்கத்து மேனாம்பேட்டுக்கு வந்தது. தங்கையைக் கறுப்பாக்கி எவன் கையிலாவது பிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவன் கவலை. பூந்தமல்லியில் ஜானகிராமனிடம் கூட்டிப்போனான். ஜானகிராமன் போட்டோ ஸ்டூடியோ படுத்துப்போனதும், அதே அறையில் தோல் வைத்தியர் ஆகிவிட்டவர். படிப்பு கிடையாது, வெள்ளைக் கோட்டு இருந்தது.

வெண்புள்ளிக்குத் தடவுகிற கார்போக அரிசி எண்ணெய் ஒரு பாட்டில் கொடுத்தார். "தடவிக்கினு உச்சி வெயில்ல நில்லும்மா. வெயில் பட்டாதான் இந்த மருந்து முழிச்சிக்கும்."

மொட்டை மாடியில் அந்தக் கோடை முழுக்க நின்றாள். கைகளில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. போய்க் காட்டினால், "மருந்து புடிக்குது" என்றார். கொப்புளம் உடைந்து புண்ணானபோது, "உனக்கு நம்பிக்கை பத்தாது. அதான் நெறம் வரல" என்றார்.

சொர்ணம் பாட்டிலைச் சாக்கடையில் விட்டெறிந்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள். "ஓசிக் காபிக்கு வந்த கூட்டம்" என்று அவர்கள் காதுபடவே சொன்னாள். அதோடு கல்யாணப் பேச்சு நின்றது. எஸ்டேட் கேன்டீனில் காய் நறுக்கும் வேலைக்குப் போனாள்.

தொண்ணூற்றெட்டில், இரண்டு முன்கைகளிலும் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாகப் பொருக்குகள் தட்டின. உரித்தால் போகும், திரும்ப வரும். ஒன்றில் ரத்தம் கசிந்து நிற்காமல் போகவே, ரயிலேறிப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டர் வனஜா கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதெல்லாம் வெயில் பண்ணின வேலை. இன்னும் புற்று ஆகலை. விட்டா ஆகலாம்."

"வெயில்ல நிக்கச் சொல்லி எண்ணெய் குடுத்தான் ஒருத்தன்."

"வெண்புள்ளிக்கு அந்த மாதிரி மருந்து உண்டு, பார்த்துப் பார்த்துக் கொடுப்போம். உங்க உடம்புல நிறமே ஊறாது. எந்த எண்ணெய் தடவினாலும் வராது. வெந்ததுதான் மிச்சம்."

பெரிதாக ஒன்றும் சொர்ணத்துக்கு வருத்தம் வரவில்லை. தன் முட்டாள்தனத்தின்மேல்தான் ஆத்திரம் வந்தது.

வெளிநாட்டிலிருந்து இரண்டு களிம்புகள் சோதனைக்கு வந்திருந்தன. இரண்டுமே வெளிச்சம் பட்டால்தான் வேலை செய்யும். சம்மதித்தால் இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று. எது தேவலை என்று பார்க்கலாம் என்றாள் டாக்டர்.

"திரும்பவும் வெயிலா?" என்றாள் சொர்ணம்.

"இல்லை. சிவப்பு விளக்கு. கெட்டுப்போன தோலைத்தான் அது தாக்கும். ஆனா எரியும்."

பொருக்கைச் சுரண்டி, களிம்பு பூசி, கறுப்புத் துணியால் மூடி மணிக்கணக்கில் உட்கார வைத்தார்கள். விளக்கின் கீழே இடது கை மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிந்தது. வலது கை அவ்வளவு இல்லை. சுற்றி நின்ற மாணவர்களில் ஒருவன் ரொம்ப வலிக்குதா என்று கேட்டான்.

"நீ கைய நீட்டு, தெரியும்" என்றாள்.

சிவந்து, பொருக்குத் தட்டி, உதிர்ந்து, மாதக் கடைசியில் இடது கை சுத்தமாகிவிட்டது. வலது கையில் இரண்டு திட்டுகள் மிஞ்சின.

"அப்போ எரியிற மருந்துதான் ஒசத்தி" என்றாள் சொர்ணம்.

"உங்க ஒருத்தரை வெச்சு அப்படிச் சொல்லிட முடியாதும்மா" என்றாள் டாக்டர். இத்தனை படித்தும் நேராக ஒரு பதில் சொல்லத் தெரியவில்லையே என்று சொர்ணம் நினைத்துக்கொண்டாள்.

சங்கதி லோகநாதன் வாய்வழியே பூந்தமல்லிக்குப் போயிற்று. ஜானகிராமன் ஸ்டூடியோ இருட்டறையின் பழைய சிவப்பு பல்பை எடுத்து மாட்டி, 'ஃபாரின் ஒளி வைத்தியம்' என்று போர்டு எழுதிவிட்டார். தடவியது அதே எண்ணெய். சொர்ணத்தின் இடது கையைப் படம் எடுத்துக் கடையில் மாட்ட வேண்டுமாம், ஆள் அனுப்பினார்.

சொர்ணம் போனாள். பெஞ்சில் மூன்று பேர். அதில் ஒருத்தியின் மடியில் சணல் முடியோடு ஒரு குழந்தை.

"வாம்மா, நம்ம எண்ணெய் போட்ட கை இது" என்று ஜானகிராமன் அவர்களுக்குக் காட்டினார்.

"ஆமா டாக்டரே. அந்த எண்ணெய உன் கையில தடவிக்கினு வாசல்ல செத்த நேரம் நில்லு. நல்லாத்தான் வெயில் அடிச்சிகினு கீது."

"எனக்கு எதுக்கு? எனக்குத்தான் நெறம் கீதே."

"வெந்துடும்னு தெரியும். அதான் நிக்க மாட்ட." குழந்தையின் அம்மாவைப் பார்த்தாள். "இவன் எண்ணெய்ல வெந்த கை இது. ஆத்துனது ஆஸ்பத்திரி."

அந்த அம்மா எழுந்து, "எந்த ஆஸ்பத்திரி, அக்கா?" என்று கேட்டாள். மற்ற இருவரும் பெஞ்சை விட்டு அசையவில்லை. ஆளுக்கொரு பாட்டில் வாங்கிப் போனார்கள். இவர்களுக்கு மூளை கொடுத்ததே தெண்டம் என்று நினைத்தபடி சொர்ணம் பஸ் ஏறினாள்.

வலது கைக்கு இன்னொரு தடவை விளக்கு காட்டியதில் மிச்சமும் போயிற்று. வருஷத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார்கள். க்யூவைத் திட்டியபடியே தவறாமல் போய்வந்தாள். புடவைமேல் அண்ணனின் முழுக்கைச் சட்டையைப் போட்டு, குடையைப் பிடித்து எஸ்டேட்டுக்கு நடந்தாள். வழியில் சிரித்தவர்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.